ஃபில்லர் குடும்பத்தின் கடைசிப் பக்கம்

அன்புச்செல்விக்கு எதைப் பார்த்தாலும் சுலபத்தில் குமட்டாது. படவேட்டுக்குப் பக்கத்துக் காலனியில், வீட்டுக்குப் பின்னால் உப்புப் போட்ட பச்சைத் தோல் விரித்திருக்க, அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கூழ் குடித்து வளர்ந்தவள். மழைக்காலத்தில் அந்த நாற்றம் பாயில் ஏறும், தலைமுடியில் ஏறும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்தும்போதுதான் தன்மேல் வாசனை இருக்கிறது என்பதே அவளுக்கு நினைப்பு வரும். அப்படிப்பட்டவளுக்கு வயிற்றைப் புரட்டிய இடம் எது தெரியுமா? ஆரணியில், பட்டுக்கடை மாடியில், ஏசி போட்ட அறை. தினம் காலையில் மல்லிகை வாசனை ஸ்பிரே அடிப்பார்கள் அங்கே.

அவளுடைய அப்பா அய்யனார். நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் மாடு செத்தால் தூக்கிப்போய் உரிப்பது அவர் முறை. முறை என்றால் அவர் கேட்டு வாங்கியது இல்லை. அவர் அப்பாவுக்கும் அது முறை, அந்த அப்பாவின் அப்பாவுக்கும் அதுவே முறை. நள்ளிரவானாலும் நல்ல நாளானாலும் காலனி முனையில் நின்று ஒரு குரல் வரும், போக வேண்டும். தோல் அவருக்கு. அறுவடையில் ஒரு மரக்கால் நெல். இதற்குப் பெயர் கூலி இல்லை, மானியம் என்பார்கள் ஊர்க்காரர்கள், ஏதோ கோயில் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி.

தொண்ணூற்றாறில், அன்பு பிளஸ் டூ படிக்கும்போது, காலனியில் முப்பத்துநாலு வீட்டுக்காரர்களும் கூடி இனி செத்த மாட்டைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டினார்கள். அடுத்த வாரமே ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுக் கறவை மாடு சோளத்தட்டு தின்று விறைத்துப் போனது. குரல் வந்தது. அய்யனார் போகவில்லை. இரண்டாம் தடவை நாலு பேராக வந்து கேட்டார்கள். "மாட்டேங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், கையைக்கூடக் கட்டவில்லை. மாடு மூன்று நாள் கிடந்து உப்பியது. நாலாம் நாள் டிராக்டர் வைத்து இழுத்துப் போனார்கள், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு.

அதற்கப்புறம் நாலு மாசம் காலனி ஆட்களுக்குக் களையெடுக்கக்கூட வேலை கிடையாது. ஊர்க் கடையில் உப்பு கிடையாது. அய்யனாரும் மனைவி சின்னம்மாவும் போளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்க் கஞ்சி குடித்தார்கள். வீட்டிலிருந்த இரண்டு கத்தியையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டு அய்யனார் பேரீச்சம்பழம் வாங்கினார். அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லோருக்கும் வாய் தித்தித்துக் கிடந்தது. நிலம் இல்லை, நகை இல்லை; அய்யனாருக்குச் சொத்து என்று ஒன்று இருந்தால் அந்த ஒரு சொல், மாட்டேன் என்பதுதான்.

அந்தச் சொத்தை வைத்துத்தான் அன்பு படித்தாள் என்று சொல்ல வேண்டும். பி.எஸ்சி. முடித்து, டி.டி.பி. படித்து, இரண்டாயிரத்தில் ஆரணியில் கமலக்கண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கமலக்கண்ணன் நெசவுக் குடும்பத்துக்காரர். தாத்தா தறியில் உட்கார்ந்தார், அப்பா தறி வைத்திருந்தார், இவர் கடை வைத்திருந்தார். சேலைக்கு டிசைன் போடுவதற்காக ஆறு கம்ப்யூட்டர் வாங்கி மாடியில் வைத்தார். டிசைன் இல்லாத நேரத்தில் சும்மா கிடப்பானேன் என்று டைப்பிங் வேலையும் பிடித்தார். கெட்டவர் என்று அவரை ஆரணியில் யாரும் சொல்ல மாட்டார்கள். திருவிழாவுக்குக் கொடுப்பார், கல்யாணத்துக்குக் கொடுப்பார், எல்லோரையும் 'வாம்மா, போம்மா' என்றுதான் பேசுவார்.

மாடியில் ஐந்து பேர் வேலை. பதினொரு மணிக்குத் தூக்கில் டீ வரும். நாலு கண்ணாடி டம்ளர், ஒரு பிளாஸ்டிக் கப். கப் அன்புக்கு.

"ஒனக்குத்தாம்மா சுத்தமானது. குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடலாம், கழுவற பேஜார் இல்ல" என்று கமலக்கண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். பக்கத்து நாற்காலி காவ்யா குனிந்து கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். ஊரில் தேங்காய் ஓட்டில் ஊற்றினார்கள், டவுனில் டிஸ்போசபிள். நாகரிகம் வளர்ந்துவிட்டது, வேறென்ன.

இரண்டாயிரத்தொன்றில் அந்த ஜெர்மன் வேலை வந்தது. டீட்டர் ஃபில்லர் என்று ஒரு வியாபாரி. கழுத்துத் துணிக்காகப் பட்டு வாங்க ஆரணிக்கு இரண்டு தடவை வந்து போனவர், எழுபதை நெருங்கிய வயசு. அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியாராம். ஊர் ஊராகச் சர்ச்சுகளுக்குப் போய், பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளிலிருந்து ஃபில்லர் என்ற பெயர் வரும் இடத்தையெல்லாம் எடுத்துத் தட்டச்சு செய்து ஒரு பெட்டியில் வைத்திருந்தார். தொள்ளாயிரம் பக்கம். அவர் செத்துப் பதினைந்து வருஷம் கழித்து மகன் அந்தப் பெட்டியைத் திறந்தார், நாலு பக்கம் புரட்டினார், மூடிவிட்டார். இப்போது குடும்பத்தில் எல்லோரும் ஒன்றுகூடப் போகிறார்களாம், அதற்கு ஒரு புத்தகம் போட வேண்டுமாம். அங்கே டைப் அடிக்க ஆள் வைத்தால் கட்டுபடியாகாது. நகல் எடுத்துப் பார்சலில் ஆரணிக்கு அனுப்பிவிட்டார், கூடவே ஒரு தடித்த ஜெர்மன்-ஆங்கில அகராதியும்.

அகராதியை யாரும் தொடவில்லை. எழுத்தைப் பார்த்து எழுத்தை அடிப்பதற்கு அகராதி எதற்கு? அன்பு மட்டும் தொட்டாள். ஒரே சொல் நூறு தடவை வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பிறந்தான், ஞானஸ்நானம் பெற்றான், மணந்தான், செத்தான்: முதல் மாதத்தில் இந்த நாலும் பிடிபட்டன. அப்புறம் அப்பா, அம்மா, சாட்சி, தொழில். ஆறு மாதத்தில் வரி வரியாகப் புரிய ஆரம்பித்தது. கையகலத் தமிழ்நாட்டைத் தாண்டாதவள், பெயரும் ஊரும் தெரியாத ஜெர்மன் கிராமத்தில் எந்தக் குழந்தை எந்த வருஷம் அம்மை வந்து செத்தது என்று மனப்பாடமாகச் சொல்வாள்.

முதல் மாதம் புரியாமல் அடித்துப் போட்ட பதினோராம் பக்கத்து அடிக்குறிப்பில்தான் அது இருந்தது. வாத்தியார் எழுதியிருந்தார்: ஃபில்லர் என்பது முதலில் பெயரே இல்லை. ஃபில்லன் என்றால் பழைய பேச்சில் தோலுரிப்பது. ஆயிரத்தறுநூற்றுப் பன்னிரண்டில் பாதிரியார் 'ஹான்ஸ், இங்கத்தித் தோலுரிக்கிறவன்' என்று எழுதினார். அவன் மகனை எழுதும்போது 'யோர்க் ஃபில்லர்' என்று சுருக்கிவிட்டார். தொழில் பெயராகி, பெயர் குடும்பமாகி, குடும்பம் கிளை பிரிந்து தொள்ளாயிரம் பக்கம் ஓடியது. நம்மூரில் பேரைக் கேட்டால் ஊரைக் கேட்பார்கள், ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, பேரிலேயே ஒட்டிவைத்துவிட்டார்கள்.

அன்பு அன்றைக்குச் சாப்பாட்டுக்கே எழுந்திருக்கவில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பித் தொழில் என்ற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். செத்த மாடு, குதிரை, நாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவது அவர்கள் முறை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் தோலுரிப்பவர் வீட்டிலோ தூக்கிலிடுபவர் வீட்டிலோதான். வேறு எவனும் வாசலில் ஏற மாட்டான். சர்ச்சில் கடைசி பெஞ்சு. ஒரு ஃபில்லர் வீட்டில் பிரசவத்துக்கு மருத்துவச்சி வர மறுத்து, தாயும் பிள்ளையும் சேர்ந்தே போனார்கள். இன்னொருவன் மகனைத் தையல் கற்கச் சேர்த்தான். தையற்காரர்கள் சங்கமே கூடி, தீட்டு என்று வெளியே தள்ளியது. சாராயக் கடையில் மற்றவர்களுக்கு மூடி போட்ட குவளை, ஃபில்லருக்கு மூடியில்லாத குவளை, தனி ஆணியில். மறுநாள் அந்த வரியைப் படிக்கும்போது பதினொரு மணி டீ வந்தது. கையில் கப்பை வாங்கியவளுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் குமட்டியது. டீயைக் கழுவுமிடத்தில் கொட்டிவிட்டு வாய் கொப்பளித்தாள், குடிக்காத டீக்கு.

இன்னும் கேவலம் ஒன்று பாக்கி இருந்தது. வாத்தியார் எதற்காக ஊர் ஊராக அலைந்தார்? முதல் பக்கத்தில் முத்திரை இருந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. அந்த வருஷங்களில் அந்த நாட்டில் அரசாங்க வேலைக்காரன் ஒவ்வொருவனும் தன் இரத்தத்தில் யூதக் கலப்பு இல்லை என்று தாத்தா பாட்டி வரைக்கும் சர்ச்சுச் சான்றிதழ் காட்ட வேண்டும். வாத்தியார் தாத்தாவோடு நிற்காமல் ஹான்ஸ் வரைக்கும் போய்விட்டார். இருநூறு வருஷம் ஊர் வாசலுக்கு வெளியே நின்றவன் பேரன், இன்னொருவனை வெளியே தள்ளும் கூட்டத்தில் தனக்கு இடம் பிடிக்க, அதே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். தோலுரித்தவன் வம்சம் என்று எழுதுவதில் அவனுக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அது சுத்தமான தோலுரித்த வம்சம். தூ! செத்த மாட்டு வாடை எவ்வளவோ மேல் என்று அன்புக்குத் தோன்றியது. தோன்றியது சரிதான்.

வேலை முடியும் தறுவாயில் விஷயத்தைக் கமலக்கண்ணனிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் முகப்புக்கு ஓர் அத்தியாயம் எழுதித் தரச்சொல்லி டீட்டர் கேட்டிருந்தார், குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று.

கமலக்கண்ணன் கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தார். வைத்த கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். அவருக்கே தெரியாமல் செய்தார்.

"இன்னாம்மா சொல்ற? அவ்ளோ பெரிய மனுஷன்... சரியாப் பாத்தியா?"

"பாத்தேன் சார். அறுவத்தியோரு எடத்துல வருது."

"யார்னா காசு குடுத்து இத எழுதச் சொல்லுவாங்களா? நாளைக்கு ஒறவு ஜனம் முன்னாடி புஸ்தகத்தப் பிரிச்சா மூஞ்சி எங்க வெச்சிக்குவாரு? வாணாம். மாத்திடு."

"இன்னா சார் மாத்தறது?"

கமலக்கண்ணன் யோசித்தார். அவர் போன வருஷம்தான் தங்கள் குல வரலாற்றைத் தன் செலவில் அச்சடித்திருந்தார். அதில் அவர்கள் ஒரு முனிவரின் வேள்வியில் பிறந்து, மூன்று மன்னர்களுக்குப் படை நடத்தி, பொழுது போகாதபோது பட்டு நெய்தவர்கள். ஒவ்வொரு குலத்துக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. எந்தக் குலமாவது சாதாரண மனுஷனுக்குப் பிறந்ததாக எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

"நெசவாளின்னு போட்டுடு" என்றார் கமலக்கண்ணன், தன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பவர் மாதிரி. "நம்ம தொழில். கௌரவமா இருக்கும். ராஜா வூட்டுக்குப் பட்டு நெய்ஞ்சவங்கன்னு மொதல் சேப்டர நான் சொல்றேன், நீ அடி. துணில ஒரு எழ அறுந்திருந்தா மடிப்புல வெச்சிக் கட்றதில்லயா? அது மாதிரிதான். ஜல்தியா முடி."

அவர் மனசாரத்தான் சொன்னார். விருந்தாளிக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பினார். ஆரணிக்காரருக்கு மட்டும்தான் அந்த யோசனை வரும்.

அன்பு அடித்தாள். அறுபத்தொரு இடத்தையும் தேடித் தேடிக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் போதும். தட்டினாள். மாற்றப்பட்டவை அறுபத்தொன்று என்று திரை காட்டியது. இரண்டு நூற்றாண்டு மாட்டைச் சுமந்த முதுகுகளெல்லாம் நிமிர்ந்து தறியில் உட்கார்ந்துவிட்டன. மருத்துவச்சி வராமல் செத்தவள் பட்டு நெய்பவன் பெண்டாட்டியாகச் செத்தாள். ஏன் வரவில்லை என்று இனி எவனுக்கும் விளங்காது. அன்று மாலை படவேட்டுப் பஸ்ஸில் அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. பழைய கோப்பை மட்டும் அழிக்காமல் வேறு பேரில் வைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் டீட்டர் வந்தார். பொங்கல் முடிந்த வாரம். கமலக்கண்ணன் பட்டுச் சால்வை போர்த்தி, மாடிக்கு அழைத்துப் போய், அச்சிட்ட முதல் அத்தியாயத்தைக் கையில் கொடுத்தார். டீட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அரசர் வீட்டுக்குப் பட்டு நெய்த ஃபில்லர்கள். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை அன்புக்கு.

"இது உண்மை இல்லை" என்றாள், அவர் மொழியிலேயே.

அவர் நிமிர்ந்தார். அந்த மொழியை ஆரணியில் ஒரு பெண் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கமலக்கண்ணனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்பு பழைய கோப்பைத் திறந்தாள். ஹான்ஸ், யோர்க், கடைசி பெஞ்சு, மூடியில்லாத குவளை, தையற்காரர் சங்கம். ஆயிரத்து எழுநூற்று முப்பத்தொன்றில் பேரரசர் ஒரு சட்டம் போட்டார், தொழிலை விட்டவர்களின் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்க்கலாமென்று. அதற்கும் அறுபது வருஷம் கழித்து ஒரு ஃபில்லர் சோப்புக் காய்ச்சினார். அவர் பேரன் தோல் பதனிடும் ஆலை வைத்தார். ஆலை முதலாளி மகன் வாத்தியாரானார். எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். முப்பத்தாறாம் வருஷத்து முத்திரையையும் காட்டினாள்.

முத்திரைக்கு அவர் கையை வீசிவிட்டார். அப்போது எல்லோரும் காட்ட வேண்டியிருந்தது என்றார். மற்றதற்கோ, வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருடைய அண்ணி ஒருத்தி ஃபில்லர்கள் பிரபு வம்சம் என்று முப்பது வருஷமாகப் பீற்றிக்கொள்கிறாளாம், அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். பிரமாதம், இதைத்தான் போட வேண்டும், அந்தப் பட்டு நெசவைத் தூக்கிக் குப்பையில் போடு என்றார். கமலக்கண்ணனுக்கு விஷயம் ஆங்கிலத்தில் தெரிந்ததும் அவரும் அதே நிமிஷம் சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்ட அதே மனுஷன்.

அன்பும் சிரித்திருக்கலாம். உண்மை ஜெயித்துவிட்டதே. ஆனால் அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தீட்டு என்பது இருநூறு வருஷம் ஊறினால் விருந்தில் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிடும் போலிருக்கிறது, சிரிப்பவன் கையில் நல்ல குவளை இருந்தால். அப்படியும் அந்தக் கிழவரிடம் ஒரு ஒட்டுதல் அவளுக்கு வந்துதான் இருந்தது. இரண்டு வருஷம் அவர் வீட்டுப் பிணங்களோடு குடித்தனம் செய்தவள் அல்லவா. அந்த ஒட்டுதலில் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"என் அப்பாவும் இந்தத் தொழில் செய்தவர்தான்" என்றாள்.

டீட்டரின் கண் விரிந்தது. எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்குவார் என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் மேஜைமேலிருந்த கேமராவை எடுத்தார். கடைசிப் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டுமே, பழைய காலத்தில் எங்கள் ஆட்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று காட்ட வேண்டுமே, அங்கே இந்தத் தொழிலுக்குப் படமே கிடையாது, உன் அப்பா கத்தியோடு நின்றால் போதும் என்றார்.

"அவர் விட்டுவிட்டார். தொண்ணூற்றாறிலேயே."

பரவாயில்லை, சும்மா நின்று காட்டட்டும் என்றார்.

"முடியாது" என்றாள் அன்பு.

டீட்டர் கமலக்கண்ணனிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். "அதுக்கென்ன சார், நோ பிராப்ளம்" என்றார் கமலக்கண்ணன். அன்பைப் பார்த்து, "நீ வேலயப் பாரும்மா" என்றார்.

சனிக்கிழமை விருந்தாளியைப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுக் கமலக்கண்ணன் காரில் கிளம்பினார். அன்பு பழைய கோப்பை எடுத்து அறுபத்தொரு இடத்தையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அய்யனார் வழக்கம்போலக் கூரைக்குக் கயிறு திரித்தார், ஒன்றும் பேசவில்லை. டீட்டர் சென்னைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால், கடைசிப் பக்கத்தில் வைக்க ஒரு படம் வந்திருந்தது.

அவள் வீட்டுப் பின்புறம். அய்யனார் சட்டையைக் கழற்றி நிற்கிறார். சட்டை போடாமல் அவர் ஊர்ப்பக்கம்கூடப் போகிறவரில்லை. வலது கையில் ஒரு கத்தி. கேமராவைப் பார்க்காமல் வேலியோரம் எங்கேயோ பார்க்கிறார். காவ்யா எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்றாள். அன்புக்கு வாயில் புளித்த நீர் ஊறியது, எழுந்து ஓடினாள். இந்தத் தடவை நிஜமாகவே வாந்தி எடுத்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அய்யனார் முன்னால் நின்றாள்.

"நைனா, சனிக்கெழம யார் வந்தாங்க?"

அய்யனார் கயிற்றைக் கீழே வைத்தார். "ஒங்க ஓனரு வந்தாரும்மா. கூட ஒரு வெள்ளக்காரரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அய்யனார் கையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டார்.

"கத்தி ஏது?"

"அவுரே எடுத்துகினு வந்தாரு. பேப்பர்ல சுத்திகினு. கறிக்கடைலேந்து போல."

"அவரு குடுத்தா நீ புடிச்சிக்குவியா? சட்டயக் கழட்டுன்னா கழட்டுவியா?"

"'ஒம் பொண்ணு நம்ம கிட்டதான வேல செய்யுது'ன்னாரு. அவ்ளோதாம்மா சொன்னாரு. வேற ஒன்னும் சொல்லல. சிரிச்சிகினேதான் சொன்னாரு."

"ஊரே வந்து நின்னு கேட்டப்ப மாட்டேன்னியே நைனா!"

"அப்ப எனக்குப் போனது சோறுதான" என்றார் அய்யனார்.

சின்னம்மா உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், ஊதுவதை நிறுத்திவிட்டாள். அன்பு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எதைக் கேட்பது? நாலு மாசப் பட்டினியில் அசையாத மனுஷனை, அவள் வாங்கும் சம்பளத்தைக் காட்டி ஒரே சிரிப்பில் அசைத்துவிட்டார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்தை அவள் வேலைதான் செலவழித்துவிட்டது. தன் படிப்பு, தன் மேஜை, அந்த மல்லிகை ஸ்பிரே, எல்லாமே அவளுக்கு நாறியது.

மறுநாள் போய், கடைசிப் பக்கத்தில் படத்தை வைத்தாள். எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் டீட்டரின் கேமராவில் இருப்பதை அவளால் அழிக்க முடியாது, அவர் ஊருக்குப் போய் வைத்துக்கொள்வார். அதனால் படத்துக்குக் கீழே ஜெர்மன் மொழியில் நாலு வரி அடித்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

படவேடு அய்யனார். தன் காலனியின் முப்பத்துநாலு வீட்டாரோடு சேர்ந்து, 1996இல் இத்தொழிலைச் செய்ய மாட்டேன் என்று விட்டவர். கையிலிருக்கும் கத்தி அவருடையதல்ல. இந்தப் புத்தகத்தின் தொள்ளாயிரம் பக்கங்களில், ஃபில்லர் ஒருவர்கூட மாட்டேன் என்று சொன்னதாகப் பதிவு இல்லை.

கமலக்கண்ணன் வந்து திரையைப் பார்த்தார். "சூப்பரா கீதும்மா" என்றார். அவருக்கு அந்த எழுத்து பூச்சி ஊர்வது மாதிரிதான். தொகுத்தவர் என்ற இடத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார். அன்பு சி.டி. போட்டு, தன் வீட்டு விலாசத்தை எழுதிய சீட்டும் வைத்து, பார்சலைத் தானே போய்த் தபாலில் சேர்த்தாள். பதினொரு மணிக்கு டீ வந்தது. வேண்டாம் என்றாள். நாளையிலிருந்து வரவில்லை என்றும் சொன்னாள்.

"ஏம்மா, ஒனக்கு இங்க இன்னா கொற வெச்சோம்?" என்று கமலக்கண்ணன் கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு.

போளூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாள். சம்பளம் பாதி. மனு அடிப்பது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது, தட்டுமுட்டு வேலை. பத்திரிகையில் பேருக்குப் பின்னால் ஒட்டுவதையெல்லாம் பார்க்கும்போது, இவர்கள் முதல் தாத்தா என்ன வேலை செய்தாரோ என்று நினைத்துக்கொள்வாள்.

ஆகஸ்டில் புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. உள்ளே டீட்டரின் கடிதம், அன்பொழுக எழுதியிருந்தார். விருந்தில் எல்லோரும் சிரித்துச் சிரித்து ரசித்தார்களாம், அண்ணி மட்டும் இரண்டு நாள் பேசவில்லையாம். கடைசிப் படம் எல்லோருக்கும் மிகவும் பிடித்ததாம். அதற்குக் கீழே இருந்த குறிப்பு கொஞ்சம் நீளமாக இருந்ததால், இடம் கருதி அச்சகத்தில் சுருக்கிவிட்டார்களாம்.

அன்பு கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். அய்யனார் வேலியைப் பார்த்து நின்றார். கீழே ஒரு வரி: அய்யனார், தோலுரிப்பவர், தென்னிந்தியா, 2003.

அய்யனார் எட்டிப் பார்த்தார். "இன்னா எழுதிக்கீதும்மா?"

அவள் பக்கத்தை அடியோடு பிடித்து, தையல் தெறிக்க, ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"அடடா, நல்ல புஸ்தகம். எதுக்கும்மா கிழிக்கற?"

"அது அவங்க குடும்பப் புஸ்தகம் நைனா. நாம எதுக்கு அதுல?"

கிழித்ததை அடுப்பில் போட்டாள். வழவழப்புத் தாள், சட்டென்று பிடிக்கவில்லை, ஓரமாகக் கருகிப் புகைந்தது. சின்னம்மா கரண்டியால் உள்ளே தள்ளினாள். முந்நூறு பிரதி அடித்ததாகக் கடிதத்தில் இருந்தது. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் அய்யனார் இன்னும் சட்டையில்லாமல் கத்தியோடுதான் நிற்கிறார்.